ஜாங்கோ ஓட்டையை அடைத்துவிட்டார்கள். நீங்கள் பயன்படுத்தும் தளத்தில் அடைத்தாயிற்றா?

ஒரு கல்லூரித் தளத்தில் தேர்வு முடிவு பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். பதிவு எண், பிறந்த தேதி இரண்டையும் தட்டுகிறீர்கள். அரை நொடியில் மதிப்பெண் வந்துவிடுகிறது. அந்த அரை நொடிக்குள் ஒரு மென்பொருள் நீங்கள் தட்டிய விவரங்களை வாங்கி, தரவுத்தளத்துக்குப் புரிகிற மொழியில் ஒரு கேள்வியாக எழுதி அனுப்பியிருக்கும். "இந்தப் பதிவு எண்ணும், இந்தப் பிறந்த தேதியும் சேர்ந்து பொருந்துகிறவரின் மதிப்பெண்ணைக் கொடு" என்பதுதான் அந்தக் கேள்வி.

இரண்டு நிபந்தனைகளுக்கு நடுவில் 'மற்றும்' என்ற ஒரு சொல் இருக்கிறது, கவனித்தீர்களா? அந்த ஒரு சொல்லை வெளியாள் ஒருவர் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுத முடிந்தால் என்ன ஆகும்?

2025 நவம்பர் 5ஆம் தேதி ஜாங்கோ என்ற இணையக் கட்டமைப்பை உருவாக்கும் குழு வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தம் இதைப் பற்றியதுதான். சிவிஇ-2025-64459 என்பது அந்தக் குறைபாட்டுக்குக் கொடுக்கப்பட்ட எண். ஆபத்தின் அளவு 10க்கு 9.1. ஓட்டையை அடைக்கத் தேவைப்பட்டது சில வரிகள்தான். ஆனால் அந்த வரிகள் உங்கள் தகவல் இருக்கிற ஒவ்வொரு சர்வருக்கும் போய்ச் சேர வேண்டுமே, அங்கேதான் சிக்கல்.

ஜாங்கோ என்பது என்ன?

இணையதளம் கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. லாகின், படிவம், தரவுத்தளத் தொடர்பு என்று எல்லாத் தளங்களுக்கும் பொதுவாகத் தேவைப்படுகிறவற்றை ஏற்கெனவே யாரோ எழுதி வைத்திருப்பார்கள். அதை எடுத்துப் போட்டுக்கொண்டு, மேலே தனக்கு வேண்டியதைக் கட்டுவார்கள். அப்படிப்பட்ட தயார்நிலைக் கட்டமைப்புகளில் ஒன்று ஜாங்கோ. பைத்தான் மொழியில் எழுதப்பட்டது, இலவசம், திறந்தமூலம்.

இது பிறந்த இடம் ஒரு செய்தித்தாள் அலுவலகம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் பத்திரிகையின் இணையப் பிரிவில், 'இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பக்கம் வேணும்' என்கிற நெருக்கடிக்கு ஈடுகொடுக்க உருவானது. 2005இல் பொதுவெளிக்கு வந்தது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிதார் கலைஞரின் பெயரை வைத்தார்கள். இன்ஸ்டாகிராம் இதன்மேல்தான் வளர்ந்தது. நம்ம ஊரில் பைத்தான் படிக்கிற மாணவர்கள் பலர் முதல் புராஜெக்ட் செய்வதும் இதில்தான்.

ஜாங்கோ இவ்வளவு பிரபலமானதற்கு ஒரு முக்கியக் காரணம், அதன் தரவுத்தள அடுக்கு. தரவுத்தளங்கள் எஸ்கியூஎல் என்ற மொழியில் பேசும். ஜாங்கோவில் டெவலப்பர் அந்த மொழியை எழுத வேண்டியதில்லை. 'ஃபில்டர்' என்று சொல்லி, எந்தத் தகவல் எதற்குச் சமமாக இருக்க வேண்டும் என்று பைத்தானிலேயே சொன்னால் போதும். எஸ்கியூஎல் கேள்வியை ஜாங்கோ தானே எழுதிக்கொள்ளும். 'நீ எழுதினால் தப்பு வரும், நான் பத்திரமாக எழுதித் தருகிறேன்' என்பது அது கொடுக்கும் வாக்குறுதி.

அப்படிப் பத்திரமாக எழுதித் தருகிற இடத்திலேயே ஓட்டை இருந்ததுதான் இந்த விவகாரத்தைப் பெரிதாக்குகிறது.

கேக் கடையில் நடந்தது

பேக்கரியில் கேக் ஆர்டர் கொடுத்தவர், "ஹேப்பி பர்த்டேன்னு எழுதுங்க, அதுக்குக் கீழ குமார்" என்று போனில் சொன்னாராம். கேக் வந்தது. மேலே க்ரீமில், 'ஹேப்பி பர்த்டே அதுக்குக் கீழ குமார்'. இந்த ஜோக்கை வாட்ஸ்அப்பில் நீங்கள் பத்து தடவையாவது பார்த்திருப்பீர்கள். எது கட்டளை, எது எழுத வேண்டிய விஷயம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால் வந்த வினை.

கணினி உலகில் இதன் தலைகீழ் வடிவத்துக்கு எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். அங்கே கட்டளை எழுத்தாகிவிட்டது. இங்கே எழுத்து கட்டளையாகிவிடும். பெயர் கேட்கிற கட்டத்தில் பெயருக்குப் பதிலாக தரவுத்தளக் கட்டளையின் ஒரு துண்டை ஒருவர் எழுதுகிறார். மென்பொருள் அதைப் பெயர் என்று நினைத்து அப்படியே கேள்விக்குள் ஒட்டுகிறது. தரவுத்தளமோ அதைக் கட்டளையாக வாசித்து நிறைவேற்றிவிடுகிறது.

இது 1998 முதலே வெளிப்படையாக எழுதப்பட்டு வரும் பிரச்சினை. மருந்தும் பழையதுதான். கேள்வியை ஒரு வழியில் அனுப்பு, பயனர் தட்டிய மதிப்புகளைத் தனியாக இன்னொரு வழியில் அனுப்பு. கேள்வியில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு காலி அடையாளம் மட்டும் இருக்கும். தனியாக வருகிற மதிப்பில் என்ன எழுதியிருந்தாலும் தரவுத்தளம் அதைக் கட்டளையாகப் படிக்காது. ஜாங்கோ இதை ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காகச் செய்கிறது.

அப்படியானால் ஓட்டை எங்கே வந்தது?

படிவத்தையே நாம் அச்சடித்துக் கொண்டுபோனால்?

தாலுகா அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுக்கிறீர்கள். கவுன்டரில் இருப்பவர், கட்டங்களுக்குள் நீங்கள் எழுதியதை வரி வரியாகப் பார்ப்பார். 'பெயர்', 'முகவரி', 'ஆண்டு வருமானம்' என்று அச்சடித்திருக்கிற தலைப்புகளை அவர் பார்க்க மாட்டார். அது அலுவலகம் கொடுத்த படிவம்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது?

அந்தப் படிவத்தை நீங்களே வீட்டில் அச்சடித்துக் கொண்டுபோனால்? அதில் வழக்கமான தலைப்புகளோடு, 'அலுவலக உபயோகத்திற்கு மட்டும்: அங்கீகரிக்கப்பட்டது' என்று ஒரு வரியையும் சேர்த்து அச்சடித்திருந்தால்?

ஜாங்கோவில் நடந்தது ஏறக்குறைய இதுதான். மதிப்புகளுக்குக் காவல் இருந்தது. மதிப்புகளின் பெயர்களுக்கு, அதாவது தலைப்புகளுக்கு, அந்த அளவு காவல் இல்லை.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். பைத்தானில் டிக்‌ஷனரி என்று ஒன்று உண்டு. பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக இருக்கும் பட்டியல். பதிவு எண்: 4512, பிறந்த தேதி: இன்னது, என்கிற மாதிரி. இந்தப் பட்டியலின் முன்னால் இரண்டு நட்சத்திரக் குறி போட்டு ஃபில்டரிடம் கொடுத்தால், ஒவ்வொரு ஜோடியும் ஒரு நிபந்தனையாக விரிந்துவிடும். ரொம்ப வசதியான குறுக்குவழி.

ஃபில்டர் இந்த நிபந்தனைகளை உள்ளே 'க்யூ' என்ற இன்னொரு பகுதியிடம் தள்ளிவிடும். அந்த க்யூவுக்கு இரண்டு தனிப்பட்ட அமைப்புகள் உண்டு. ஒன்று 'கனெக்டர்': நிபந்தனைகளை 'மற்றும்' போட்டுச் சேர்ப்பதா, 'அல்லது' போட்டுச் சேர்ப்பதா என்று சொல்வது. இன்னொன்று 'நெகேட்டட்': மொத்தத்தையும் 'இல்லை' என்று திருப்பிப் போடுவது. இரண்டின் பெயருக்கு முன்னாலும் ஓர் அடிக்கோடு இருக்கும். 'இது உள்வேலைக்கானது, வெளியிலிருந்து தொடாதே' என்பதற்குப் பைத்தான்காரர்கள் வைத்திருக்கும் அடையாளம் அது. ஆனால் அது அடையாளம் மட்டும்தான். 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று பலகை மாட்டிய கதவு, ஆனால் தாழ்ப்பாள் கிடையாது.

எனவே வெளியிலிருந்து வரும் பட்டியலில் பதிவு எண், பிறந்த தேதியோடு 'கனெக்டர்' என்ற பெயரிலும் ஒரு ஜோடி இருந்தால், ஃபில்டர் அதைத் தடுக்காமல் க்யூவிடம் கொடுத்தது. க்யூ அதன் மதிப்பைச் சரிபார்க்காமல் இணைப்புச் சொல்லாக வைத்துக்கொண்டது. கடைசியில் எஸ்கியூஎல் எழுதப்படும்போது, அந்தச் சொல் இரண்டு நிபந்தனைகளுக்கு நடுவில் அப்படியே ஒட்டப்பட்டது. பதிவு எண்ணும் பிறந்த தேதியும் பத்திரமாகத் தனி வழியில் போயின. நடுவில் இருந்த 'மற்றும்' மட்டும், எந்த உறையும் இல்லாமல், கேள்வியின் உடம்பிலேயே சேர்ந்தது. அந்த இடத்தில் ஒருவர் ஒரு சொல்லுக்குப் பதில் ஒரு கட்டளையையே எழுதலாம்.

அப்படியானால் எல்லா ஜாங்கோ தளங்களும் திறந்து கிடந்தனவா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 9.1 என்ற எண்ணைப் பார்த்தவுடன் அப்படித்தான் தோன்றும்.

இந்த ஓட்டை வழியாக நுழைய வேண்டுமானால், பயனரிடமிருந்து வரும் பட்டியலை, அதில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பார்க்காமல், டெவலப்பர் முழுசாக ஃபில்டரிடம் தூக்கிக் கொடுத்திருக்க வேண்டும். 'பதிவு எண் இதற்குச் சமம், பிறந்த தேதி அதற்குச் சமம்' என்று பெயர்களைத் தானே எழுதியிருந்த தளங்களுக்கு இதனால் பாதிப்பில்லை.

ஆனால் அந்தக் குறுக்குவழியை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு துணிக்கடைத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம், அளவு, விலை, பிராண்ட், துணி வகை என்று பத்துப் பதினைந்து ஃபில்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதினால் ஒரு பக்கத்துக்குக் கோட் நீளும். பிரௌசரிலிருந்து என்ன வந்தாலும் அப்படியே ஃபில்டருக்கு அனுப்பு என்றால் ஒரே வரி. டெட்லைன் நெருங்குகிறது, மேனேஜர் "இன்னுமா முடியலை?" என்று கேட்கிறார். எந்த வரியை எழுதுவார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஓட்டையை அடைத்துவிட்டதால் அந்தக் குறுக்குவழி பாதுகாப்பாகிவிடவில்லை. ஜாங்கோவின் ஃபில்டரில் 'இதற்குச் சமம்' மட்டுமல்ல, 'இந்த எழுத்தில் தொடங்குவது' என்றும் கேட்கலாம். ஓர் அட்டவணையிலிருந்து அதோடு தொடர்புள்ள இன்னொரு அட்டவணைக்குள் எட்டிப் பார்க்கவும் முடியும். கட்டுரைகளைத் தேட வைத்திருக்கிற பெட்டியில், 'எழுதியவரின் கடவுச்சொல் பதிவு அ-வில் தொடங்குகிற கட்டுரைகள்' என்று ஒருவர் கேட்டால்? முடிவு வந்தால் ஆம், வராவிட்டால் இல்லை. அடுத்து இரண்டாம் எழுத்து. மனிதன் செய்தால் பல நாள் ஆகும், நிரல் வைத்துச் செய்தால் நிமிடக்கணக்கு. இங்கே ஜாங்கோவில் எந்தக் குறையும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். கேட்க அனுமதித்தவர் அந்தத் தளத்தை எழுதியவர்.

எப்படி அடைத்தார்கள்?

இரண்டு இடங்களில் கை வைத்தார்கள்.

முதலாவது, க்யூவுக்குள். இணைப்புச் சொல்லாக 'மற்றும்', 'அல்லது', 'இரண்டில் ஏதோ ஒன்று மட்டும்' ஆகியவற்றுக்கான மூன்று எஸ்கியூஎல் சொற்களையோ, காலியையோ மட்டும்தான் இனி ஏற்பார்கள். வேறு எது வந்தாலும் பிழை காட்டி நின்றுவிடும்.

இது மட்டும் போதுமா என்று யோசித்துப் பாருங்கள். போதாது. நம் தேர்வு முடிவு உதாரணத்துக்கே வருவோம். 'அல்லது' என்பது அனுமதிக்கப்பட்ட சொல்தான். 'மற்றும்' இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் 'அல்லது' போட்டுவிட்டால், 'இந்தப் பதிவு எண், அல்லது இந்தப் பிறந்த தேதி' என்று கேள்வி மாறுகிறது. அந்தத் தேதியில் பிறந்த அத்தனை மாணவர்களின் விவரமும் பொருந்திவிடும். எந்தத் திருட்டுக் கட்டளையும் எழுதத் தேவையில்லை. 'நெகேட்டட்' அமைப்பைத் தொட முடிந்தால், 'இவரைத் தவிர மற்ற எல்லாரும்' என்றே கேட்கலாம்.

அதனால்தான் இரண்டாவது திருத்தம். அந்த இரண்டு உள்வேலைப் பெயர்களும் ஃபில்டருக்கு வரும் பட்டியலில் இருந்தாலே, மதிப்பு என்னவென்று பார்க்காமல், மறுத்துவிட வேண்டும். முதல் திருத்தம் விஷமான மதிப்பைத் தடுத்தது. இரண்டாவது அந்த வழியையே மூடியது. என் பார்வையில் இரண்டாவதுதான் உண்மையான மருந்து.

5.2.8, 5.1.14, 4.2.26 என்று மூன்று வரிசைகளிலும் ஒரே நாளில் திருத்தப்பட்ட வெர்ஷன்கள் வந்தன. குறைபாட்டைக் கண்டுபிடிப்பவர்கள் அதைப் பொதுவில் போடாமல் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாகத் தெரிவிப்பார்கள். குழு ரகசியமாகத் திருத்தம் தயார் செய்து, சுமார் ஒரு வாரம் முன்னதாகச் சில விநியோகஸ்தர்களுக்கு மட்டும் சொல்லி, பிறகு அறிவிப்பையும் மருந்தையும் ஒன்றாக வெளியிடும். இதெல்லாம் நடப்பது லாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளை, சம்பளத்துக்கு இருக்கும் ஒருசிலர், மற்றபடி தன்னார்வலர்கள் ஆகியோரை வைத்து.

நான்கு மாதம், ஒரே வாசல்

நவம்பர் மட்டுமென்றால் 'ஏதோ தவறிவிட்டது' என்று விட்டுவிடலாம். 2025இன் கடைசி மாதங்களை வரிசையாகப் பாருங்கள். செப்டம்பர் 3: கேள்விக்குள் ஒரு நெடுவரிசைக்குச் சூட்டும் தற்காலிகப் பெயர் வழியாக எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன். அக்டோபர் 1: அதே தற்காலிகப் பெயர், வேறு செயல்பாடுகள் வழியாக, மைஎஸ்கியூஎல், மரியாடிபி தரவுத்தளங்களில். நவம்பர் 5: நாம் பேசிக்கொண்டிருக்கும் இணைப்புச் சொல். டிசம்பர் 2: செப்டம்பரில் அடைத்ததின் தொடர்ச்சியாக, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மறுபடியும் தற்காலிகப் பெயர்.

நான்கும் வந்தது ஒரே வாசல் வழியாக. பட்டியலின் மதிப்புகளில் இல்லை, பெயர்களில்.

இது 2025இல் தொடங்கியதும் அல்ல. 2022 ஏப்ரலிலேயே இதே தற்காலிகப் பெயர் பிரச்சினைக்கு ஒரு திருத்தம் வந்தது. அப்போது என்ன செய்தார்கள் என்றால், ஆபத்தான எழுத்துகளின் தடைப் பட்டியல் ஒன்றைப் போட்டார்கள். இடைவெளி கூடாது, மேற்கோள் குறி கூடாது, அரைப்புள்ளி கூடாது, எஸ்கியூஎல்லில் குறிப்பு எழுதப் பயன்படும் குறிகள் கூடாது. நல்ல பட்டியல்தான். ஆனால் மைஎஸ்கியூஎல்லில் '#' குறியும் குறிப்பின் தொடக்கம். அது பட்டியலில் சேர்ந்தது 2025 அக்டோபரில், மூன்றரை ஆண்டு கழித்து.

'இவர்களை உள்ளே விடாதே' என்று வாட்ச்மேனிடம் ஒரு பட்டியல் கொடுப்பதற்கும், 'இவர்களை மட்டும் விடு' என்று கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. முதல் பட்டியல் என்றைக்கும் முடியாது. நவம்பர் திருத்தம் இரண்டாவது வகை. மூன்று சொல் மட்டும், மற்றதெல்லாம் வெளியே. தற்காலிகப் பெயர் விஷயத்தில் ஏன் முதலிலேயே அப்படிச் செய்யவில்லை என்று கேட்கலாம். உலகம் முழுக்க ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் விதவிதமான பெயர்களை வைத்திருக்கும். கடுமையாக இறுக்கினால் அவை திடீரென நின்றுபோகும். தளத்தைக் காப்பாற்றுவதா, தளத்தை ஓடவைப்பதா என்று பாதுகாப்புக் குழு ஒவ்வொரு முறையும் எடை போட வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து குறை சொல்வது சுலபம்.

ஏழு மணி நேரக் கெடு

இதே வாசல் வழியாக வந்த மிகப் பெரிய விபத்து 2014இல் நடந்தது. அது ஜாங்கோவில் அல்ல, ட்ரூபல் என்ற இன்னொரு மென்பொருளில். இந்தியாவுக்கு அது அந்நியமானதல்ல. அரசின் திறந்த தரவுத் தளத்துக்காக இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கிய ஓஜிபிஎல் என்ற அமைப்பு ட்ரூபல் மேல் கட்டப்பட்டதுதான்.

ட்ரூபல் 7இன் தரவுத்தள அடுக்கு, ஒரு பட்டியலில் உள்ள ஒவ்வொரு மதிப்புக்கும் கேள்வியில் ஒரு காலி அடையாளம் போடும். அந்த அடையாளத்துக்குப் பெயர் வைக்கப் பட்டியலின் வரிசை எண்ணைப் பயன்படுத்தியது. 0, 1, 2 என்று. ஆனால் பிஎச்பி மொழியில், படிவத்தை அனுப்புகிறவரே அந்த வரிசை எண்ணுக்குப் பதில் எந்த எழுத்தை வேண்டுமானாலும் அனுப்ப முடியும். அனுப்பியது அப்படியே கேள்விக்குள் போனது. மறுபடியும் கதை அதேதான். கட்டத்துக்குள் எழுதியதைப் பார்த்தார்கள், கட்டத்தின் தலைப்பைப் பார்க்கவில்லை. ஜாங்கோவில் டெவலப்பர் குறுக்குவழி எடுத்திருந்தால்தான் ஆபத்து. ட்ரூபலில் அந்த நிபந்தனைகூட இல்லை. லாகின் இல்லாமல், யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

செக்‌ஷன் ஐன்ஸ் என்ற ஜெர்மன் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்னது. அக்டோபர் 15 அன்று 7.32 வெர்ஷனில் திருத்தம் வந்தது. பட்டியலின் பெயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மதிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி ஒரே ஒரு வரியில் செய்த மாற்றம்.

திருத்தம் வெளியானால் நல்லவர்கள் மட்டும் அதைப் படிப்பதில்லை. பழைய கோடையும் புதிய கோடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்று எவருக்கும் தெரிந்துவிடும். சில மணி நேரத்திலேயே தானியங்கித் தாக்குதல்கள் தொடங்கின. இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 29 அன்று, ட்ரூபல் பாதுகாப்புக் குழு வெளிப்படையாக ஓர் அறிவிப்பு கொடுத்தது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத எந்தத் தளமும் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருதிச் செயல்படுங்கள் என்றது.

அந்த ஏழு மணி நேரத்தை நம்ம ஊர் நேரத்துக்கு மாற்றினால், இரவு 9.30க்குத் தொடங்கி விடியற்காலை 4.30க்கு முடிகிறது. இங்கே அட்மின் தூங்கி எழுந்தபோது கெடு முடிந்திருக்கும்.

அதே அறிவிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. உங்கள் தளத்தில் திருத்தம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது, ஆனால் நீங்கள் போடவில்லை என்றால், அதுவே தாக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். உள்ளே நுழைந்தவர்கள், வேறு யாரும் பங்குக்கு வந்துவிடக் கூடாது என்று கதவைத் தாங்களே பூட்டிக்கொண்டார்கள்!

இந்தியாவில் இது யார் பொறுப்பு?

ஒரு பள்ளி, ஒரு மருத்துவமனை, ஒரு கூட்டுறவுச் சங்கம் இணையதளம் வைத்திருக்கிறது. நான்கு ஆண்டுக்கு முன் ஒரு சிறிய நிறுவனம் ஒப்பந்தத்தில் செய்து கொடுத்தது. பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். செய்து கொடுத்த பையன் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான். தளம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் யாரும் தொடுவதில்லை. அதில் ஜாங்கோ 3.2 இருந்தால், அந்த வரிசைக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஏப்ரலோடு நின்றுவிட்டன. மேலே சொன்ன நான்கு திருத்தங்களில் ஒன்றுகூட அதற்கென்று வெளிவரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உங்கள் தகவலை வைத்திருக்கும் நிறுவனம் அதைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். வேலையை வெளியே ஒப்பந்தத்துக்குக் கொடுத்திருந்தாலும், பதில் சொல்ல வேண்டியது தகவலைச் சேகரித்த நிறுவனம்தான். 'அது வெண்டர் பண்ணது சார்' என்பது செல்லாது. ஆனால் இதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டது 2025 நவம்பரில், ஜாங்கோ திருத்தம் வந்த அதே மாதம். முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

மத்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் மாத உத்தரவில், இணையத் தாக்குதல் நடந்தது தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நல்ல விதி. ஆனால் தெரிய வந்தால்தானே? ஃபில்டரில் 'மற்றும்' இருந்த இடத்தில் 'அல்லது' போட்டு ஒருவர் பட்டியலை அள்ளிக்கொண்டு போனால், தளம் நிற்காது, திரை சிவக்காது. சர்வரைப் பொறுத்தவரை அது வெற்றிகரமாகப் பதிலளிக்கப்பட்ட இன்னொரு தேடல்.

நீங்கள் என்ன செய்ய முடியும்?

தளத்தைப் பயன்படுத்துகிறவர் மட்டும் என்றால், உண்மையைச் சொல்ல வேண்டுமே, அதிகமாக எதுவும் இல்லை. ஒரு தளம் ஜாங்கோவில் ஓடுகிறதா, எந்த வெர்ஷன் என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம். ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைக்காதீர்கள் என்ற பழைய அறிவுரை இங்கே கொஞ்சம் உதவும். ஓரிடத்தில் கசிந்தது மற்ற இடங்களைத் திறக்காது.

அலுவலகத்துக்கோ, சங்கத்துக்கோ, பள்ளிக்கோ தளம் நடத்துகிற பொறுப்பில் இருந்தால் கதை வேறு. செய்து கொடுத்தவரைக் கூப்பிட்டு, 'நம்ம தளம் எந்தக் கட்டமைப்பு, எந்த வெர்ஷன், கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள்?' என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வாங்குங்கள். 'எல்லாம் சேஃப் சார்' என்பது பதில் அல்ல, வெர்ஷன் எண்தான் பதில். பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது, பாதுகாப்புத் திருத்தம் வந்தால் எத்தனை நாளில் போடுவார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் செலவு ஒன்றும் கூடாது.

நீங்களே டெவலப்பர் என்றால், முதலில் அப்டேட். ஜாங்கோ 4.2 வரிசைக்கு ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான். நீண்டகால ஆதரவுள்ள 5.2 வரிசைக்கு 2028 ஏப்ரல் வரை உண்டு. பிறகு உங்கள் கோடில் ஃபில்டர், எக்ஸ்க்ளூட், கெட் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரக் குறி எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். அந்தப் பட்டியல் பயனரிடமிருந்து நேராக வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அனுமதிக்கும் பெயர்களை நீங்களே எழுதிவையுங்கள்: நிறம், அளவு, விலை. அதில் இல்லாத பெயர் எது வந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஜாங்கோவில் அடுத்து எந்தப் பெயரில் எந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும், அது உங்கள் வாசலைத் தாண்டி ஃபில்டர் வரைக்கும் போகாது.

அப்டேட் செய்தாகிவிட்டது என்று கணினியை மூடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. திருத்தம் போடும் நாளுக்கு முந்தைய சர்வர் பதிவேடுகளை எடுத்து, கோரிக்கைகளில் அடிக்கோட்டோடு கூடிய 'கனெக்டர்' அல்லது 'நெகேட்டட்' என்ற பெயர் எங்காவது வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சாதாரணப் பயனர் யாரும் அப்படி அனுப்ப மாட்டார். ஒன்று கவனம்: முகவரிப் பட்டியின் வழியாக வந்த கோரிக்கைகள்தான் வழக்கமான பதிவேட்டில் முழுசாக இருக்கும். படிவத்தின் உள்ளடக்கமாக வந்தவற்றைப் பெரும்பாலான சர்வர்கள் பதிந்து வைப்பதில்லை. அதனால் பதிவேட்டில் எதுவும் அகப்படவில்லை என்றால், முகவரி வழியாக யாரும் முயலவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள்.